வெள்ளிக்கிழமை வரும் கை

குரு, யாரோ ஒருவரின் கடவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தபோது சீடர் ஓடி வந்தார்.

குரு என்றால் காவியும் தாடியும் இல்லை. நாகர்கோவிலில் பல் டாக்டர். பெர்னதெத் என்று பெயர். வயது நாற்பத்தாறு. சீடருக்கு எழுபது. பெயர் தாணுமாலயன். அணை, மதகு என்று பார்த்து ஓய்வு பெற்ற பொதுப்பணித் துறை இன்ஜினியர். பல் வலிக்கு வந்த இடத்தில், மாடியில் இசைத்தட்டு ஓடுவதைக் கேட்டார். வலியை மறந்து படியேறினார். முன்பே இருந்த பைத்தியம் அன்று முற்றியது.

வரவேற்பில் இருந்த ஜாஸ்மின் நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், பல்லா, ஊசியா?"

"ஊசி."

"அப்பம் உட்காருங்க. பல்லுக்கு வந்தவங்கதான் முதல்ல."

தாணு உட்காரவில்லை. உள்ளே குடைகிற சத்தம் கீச்சென்று ஏறி இறங்கியது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கைபேசியைப் பார்த்தார். மறுபடி கடிகாரம்.

சத்தம் நின்றது. வாயைப் பொத்திக்கொண்டு ஒருவர் வெளியே போனார். குரு கையுறையைக் கழற்றியபடி வந்தார்.

"சொல்லுங்க."

"அஞ்சு மணிக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்லணும், டாக்டரம்மா."

"என்ன பதில்?"

"ஆப்பரேஷனை ஒரு வாரம் தள்ளி வைக்கணுமா வேண்டாமான்னு."

"யாரு தள்ளி வைக்கச் சொன்னா?"

"நான்தான் கேட்டேன்."

"என்னத்துக்கு?"

தாணு குரலைத் தாழ்த்தினார். "கை இன்னும் வரல."

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

கை என்பது டோன் ஆர்ம். இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளின் ஓரத்தில் நின்று, ஊசியைச் சுமந்து, தட்டின் மேல் நகரும் தண்டு. தாணு இதுவரை மூன்று கை மாற்றிவிட்டார். டர்ன்டேபிளை இரண்டு முறை மாற்றினார். தெருவில் லாரி போனால் ஊசி அதிர்கிறது என்று சுவரில் இரும்புச் சட்டம் அடித்து, அதன் மேல் கறுப்புக் கல் பலகை போட்டு, மதகுக்கு மட்டம் பார்ப்பதுபோல் மட்டம் பார்த்து வைத்தார்.

எல்லாம் ஒரே ஒரு தட்டுக்காக.

அவர் மனைவி இந்திராணி, கல்யாணத்துக்கு முன்னால், மெட்ராஸில் ஒரு படத்துக்கு ஒரு பாட்டுப் பாடினார். படம் வந்தது. பாட்டு வரவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ஒலிப்பதிவுக்காரர் இரக்கப்பட்டு, மாதிரிக்கு வெட்டிய தட்டை அவரிடம் கொடுத்தார். அது கடையில் விற்கிற தட்டு இல்லை. அலுமினியத் தகட்டின் மேல் மெழுகுபோல மெல்லிய பூச்சு. பூச்சில் பள்ளம். "ஒவ்வொரு தடவையும் ஊசி சுரண்டும். முதல்ல உச்சத்துல இருக்கிறதைத்தான் தின்னும். அவசியம் இல்லாம போடாதம்மா" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

இந்திராணி அங்கே அதைப் போட்டுக் கேட்கவே இல்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

பாட்டில் இரண்டாவது சரணத்தில் ஓர் உச்சம் இருந்தது. அங்கே தன் சுருதி நழுவியது, அதனால்தான் பாட்டை எடுத்துவிட்டார்கள் என்று அவருக்கு ஒரு நினைப்பு. ஒருமுறை கேட்டால் தெரிந்துவிடும். கல்யாணமான புதிதில் கணவனிடம் சொன்னார். வீட்டில் இருந்த பாட்டுப் பெட்டியின் ஊசி ஆணி மாதிரி இருந்தது. தாணு பதறிவிட்டார். "இதுல போட்டா செத்துரும். நல்ல மெஷின் வாங்கிப் போடுதேன்" என்றார்.

வாங்கிக்கொண்டே இருந்தார்.

இந்திராணிக்கு வலது காது சின்ன வயதிலேயே போய்விட்டது. பொன்னுக்கு வீங்கி வந்தபோது போனது. இப்போது இடது காது நரம்பில் ஒரு கட்டி. விட்டால் மூளைக்குப் போகும். எடுத்தால் காது போகும். புதன்கிழமை திருவனந்தபுரத்தில் ஆப்பரேஷன். புதுக் கையோ சென்னையில் சுங்கத்தில் கிடந்தது. வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள்.

இன்று திங்கள்.

"ஆஸ்பத்திரில என்ன காரணம் சொன்னிய?" குரு கேட்டார்.

"வீட்டுல ஒரு விசேஷம்னு."

ஜாஸ்மின் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சர்ஜன் என்ன சொன்னார்?"

"கட்டி காத்திருக்காதுன்னு மொதல்லயே சொன்னவர்தான். உங்க முடிவுதான், அஞ்சு மணிக்குள்ள சொல்லுங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க." தாணுவின் விரல்கள் சட்டைப் பொத்தானைத் திருகின. "ஒரு வாரம்தானே, டாக்டரம்மா? ஒரு வாரத்துல என்ன ஆயிரும்? ஆகாதுன்னும் சொல்ல முடியல. ஏதாவது ஆச்சுன்னா நான்தான் கொன்னேன்னு ஆகும். புதன்கிழமையே போனா, அவ கேக்காமலே போயிருவா. இப்பம் இருக்க கையில போடலாம்னா, அது நடுவுக்கு வரும்போது ஒரு இழுப்பு இழுக்கும். தட்டு ஒரு தடவைதான் தாங்கும். அந்த ஒரு தடவை பிசகிட்டா? ராத்திரி கண்ணை மூட முடியல. நீங்க சொல்லுங்க. தள்ளி வைக்கவா, வேண்டாமா?"

குரு கை கழுவினார். நிதானமாகத் துடைத்தார்.

"ஒருத்தர் வந்தார்" என்றார். "பல் செட்டு கட்டிக் கொடுத்தேன். நல்ல செட்டு. போட்டுப் பார்த்தார், பிடிச்சுப் போச்சு. மக கல்யாணத்துக்குப் போடுதேன், அதுவரைக்கும் அழுக்காக்கக் கூடாதுன்னு டப்பாவுல வச்சுட்டார்."

"பொறவு?"

"டப்பாவுல செட்டு அப்படியே இருந்துச்சு. வாயில ஈறு இருக்குமா? கல்யாணத்தன்னைக்கு எடுத்து மாட்டினார். பொருந்தல."

"அப்பம் என்ன செஞ்சார்?"

"பாயசம் குடிச்சார்."

தாணு யோசித்தார். "ஈறு சுருங்கும். உலோகம் சுருங்காது. தட்டை நான் சுருங்க விடல. ஈரம் உறிஞ்சுத பொட்டலம் போட்டு, துணி சுத்தி, பீரோவுல வச்சிருக்கேன்."

குரு அவரை ஒரு கணம் பார்த்தார். சொத்தைப் பல்லைப் பார்க்கிற பார்வை.

"கடைசியா எப்பம் திறந்து பாத்திய?"

"திறந்தா தூசி போகும்."

குரு மேசையிலிருந்து பூதக் கண்ணாடியையும் வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியையும் எடுத்துப் பையில் போட்டார்.

"ஜாஸ்மின், சாயங்காலம் வாரவங்களை ஆறு மணிக்கு மேல வரச் சொல்லு." வாசலில் திரும்பினார். "வண்டியை எடுங்க, சார்."

வழியெல்லாம் தாணு பேசினார். இந்தக் கையின் தாங்கி, அந்தக் கையின் நீளம், ஊசி சாய்கிற கோணம். சீடராகச் சேர்ந்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வியே, நல்ல கை எது என்பதுதான். "இருக்கதே தெரியக் கூடாது" என்றார் குரு. தாணு அதை எடை என்று எடுத்துக்கொண்டார். உலகத்திலேயே எடை குறைந்த கையை வரவழைத்தார். அதுதான் இப்போது வீட்டில் இருப்பது. அது நடுவில் இழுக்கிறது என்றுதான் அடுத்தது.

குரு பதில் பேசவில்லை. ஒரே ஒரு இடத்தில், "சிக்னல்" என்றார். தாணு பிரேக்கை மிதித்தார்.

பார்வதிபுரத்தில் வீடு. இந்திராணி கட்டிலில் துணிப்பையை வைத்து ஆஸ்பத்திரிக்குச் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார். சேலை, ஃபிளாஸ்க், சீப்பு. அவர் இடது பக்கமாகத் தலையைச் சாய்த்தார்.

"வாங்க டாக்டர். இவருக்குப் பல் வலியா?"

"தட்டைப் பாக்க வந்தேன்."

இந்திராணி ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தார். கணவனைப் பார்க்கவில்லை. பீரோச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து, குருவின் கையில் கொடுத்தார்.

துணியைப் பிரித்தார்கள். உறையை உருவினார்கள். 

கறுப்பாக இருக்க வேண்டிய தட்டு பழத்தில் பூசணம் பிடித்ததுபோல் வெளுத்திருந்தது. ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். கீறலின் இரு பக்கமும் பூச்சு காய்ந்த இலைபோலச் சுருண்டு நின்றது. கீழே அலுமினியம் மின்னியது.

தாணு சுவரில் கை வைத்தார்.

"நான் தொடவே இல்ல" என்றார். "டாக்டரம்மா, நான் தொடவே இல்ல."

"தெரியுது."

"யாரும் போடல. ஒரு தடவைகூட..."

குரு ஜன்னல் பக்கம் கொண்டுபோய், கண்ணாடி வழியாகக் கீறலைப் பார்த்தார். திருப்பினார். மறுபடி பார்த்தார். பஞ்சை நனைத்து வெளுப்பைத் துடைத்தார். கொஞ்சம் போனது.

"உள்ளே பாதி நல்லா இருக்கு. பூச்சு தகட்டை விட்டுக்கிட்டிருக்கு. வெள்ளிக்கிழமை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

"இப்பம் போட்டா?"

"பாடும். நடுவுல உரிஞ்சாலும் உரியும்."

"அப்பம் வெள்ளிக்கிழமை அந்தக் கை வந்தா, அழுத்தம் இன்னும் குறையும். உரியாம..." தாணு கடிகாரத்தைப் பார்த்தார். "மணி நாலே கால். நான் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணி..."

"நான் பதில் சொல்லிட்டேன்" என்றார் இந்திராணி.

தாணு திரும்பினார்.

"மத்தியானம் அவங்களே கூப்பிட்டாங்க. வீட்டுல என்ன விசேஷம்மான்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் ஓடல. பொறவு கண்ணு கல் பலகைக்குப் போச்சு, விளங்கிட்டு. புதன்கிழமையே வாரோம்னு சொல்லிட்டேன்." இந்திராணி நாற்காலியை டர்ன்டேபிளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, இடது காது ஒலிபெருக்கிப் பெட்டியைப் பார்க்கும்படி உட்கார்ந்தார். "போடுங்க."

"இந்திரா, ஒரு தடவை யோசி..."

"நான் யோசிச்சிட்டுத்தான் சாமான் அடுக்குதேன்."

குரு கைபேசியை எடுத்தார். "இதுல பாட்டைப் பிடிச்சு வைக்கவா?"

"வேண்டாம் டாக்டர். பிடிச்சு வச்சா, இவர் அதைச் சுத்தம் பண்ண உக்காந்துருவார். அதுக்கு ஒரு மெஷின் வாங்குவார்."

தாணு தட்டைப் பொருத்தினார். எடையைச் சரிபார்த்தார். இழுப்பைச் சரிபார்த்தார். மறுபடி எடை. குரு அவர் மணிக்கட்டைப் பிடித்து நகர்த்திவிட்டு, கீறலைத் தாண்டிய இடத்தில் ஊசியை இறக்கினார்.

மழைபோல இரைச்சல். இரைச்சலுக்குள்ளிருந்து வீணை. பிறகு ஓர் இளம்பெண் குரல்.

*படகே படகே, யாரைத் தேடிப் போகிறாய்.*

இந்திராணி காதைக் குவித்துக்கொண்டார்.

தாணு ஊசியைப் பார்த்தார். அது லேசாக மேலும் கீழும் எழுந்து தாழ்ந்தது. தட்டு வளைந்திருக்கிறது. கை உள்ளே இழுக்கிறதா? இழுக்கிறது. இல்லை, சரியாகத்தான் போகிறது. ஊசியின் நுனியில் கறுப்பாக ஒரு நூல் சேர்ந்தது. பூச்சைச் சுரண்டுகிறது. தெருவில் ஒரு லாரி. ஊசி அசையவில்லை. கல் பலகை தாங்கிவிட்டது. முதல் சரணம் போனது. அந்த நூல் நீண்டது. இன்னும் எவ்வளவு தூரம்? கை நடுவுக்கு வந்துகொண்டிருந்தது. இங்கேதான் இழுக்கும். தாணு உள்ளங்கையைக் கைக்குக் கீழே வைத்துக்கொண்டு நின்றார், விழப்போகிற குழந்தைக்குக் கீழே வைப்பதுபோல.

இழுக்கவில்லை.

பிறகு ஒரு சத்தம். வாழை மட்டை கிழிகிற சத்தம். ஊசிக்கு முன்னாலும் பின்னாலும் பூச்சு ஒரு பட்டையாக எழுந்து சுருண்டது. ஊசி வெறும் அலுமினியத்தில் கிறீச்சிட்டது. குரு ஊசியைத் தூக்கிவிட்டார்.

தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

 இந்திராணி காதிலிருந்து கையை எடுத்தார். அவர் முகம் ஏதோ கணக்குப் போடுகிற முகமாக இருந்தது.

"இஞ்ச பாருங்க" என்றார் கணவனிடம். "அந்த இடம் வந்துச்சு இல்லா? ரெண்டாவது சரணத்துல. எனக்கு எட்டல. குரல் மேல போறது வரைக்கும் கேட்டுச்சு. பொறவு இரைச்சல்தான். மேல இருக்கது எதுவும் இப்பம் எனக்குக் கேக்கல. நீங்க சொல்லுங்க. நழுவிச்சா?"

தாணு தட்டைப் பார்த்தார்.

குரு ஏதோ சொல்ல நிமிர்ந்தார். இந்திராணி கையைக் காட்டினார்.

"நீங்க வேண்டாம் டாக்டர். நீங்க நல்லதாத்தான் சொல்லுவிய. இவர் சொல்லட்டும். இவருக்குப் பொய் சொல்ல வராது. ஆஸ்பத்திரிக்காரங்களே கண்டுபிடிச்சுட்டாங்க."

தாணு அவர் பக்கம் திரும்பினார்.

"இந்திரா."

"ம்."

"நான் ஊசியைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"செரி. பாத்துக்கிட்டேதானே கேட்டிய?"

"இல்ல. கேக்கல." அவர் டர்ன்டேபிளைக் காட்டினார். "இழுக்குதா இழுக்கலையான்னு... எனக்குப் பாட்டே... நான் கேக்கல, இந்திரா."

இந்திராணி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று தாணு நினைத்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இழுத்துச்சா?" என்றார் இந்திராணி.

"இல்ல."

"அது போதும்." சேலை முந்தானையால் தொண்டைக்குக் கீழே துடைத்துக்கொண்டார். "கையாவது நல்லா இருந்துச்சே."

குரு தட்டை எடுத்து மேசையில் வைத்தார். சுருண்ட பட்டை பொடிந்து விழுந்தது. வெளியே வாளியோடு யாரோ நடக்கிற சத்தம். தண்ணீர் விடுகிற சத்தம்.

இந்திராணி நாற்காலியைத் திருப்பிக் கணவனுக்கு எதிரே போட்டார்.

"அந்த அடி எனக்கு ஞாபகம் இருக்கு. அன்னைக்கு எப்படிப் பாடினேனோ அப்படியே வரும். அதை இப்பம் பாடுதேன். நான் பாடுதது எனக்கே செரியாக் கேக்காது. நீங்கதான் சொல்லணும். நழுவுதா, நிக்குதா. கேட்டுச் சொல்லுங்க."

கண்ணை மூடினார். இடது காதை உள்ளங்கையால் பொத்தினார், உள்ளே இருந்தாவது கேட்கட்டும் என்பதுபோல. முதல் எழுத்து வரவில்லை. இருமினார். மறுபடி ஆரம்பித்தார். குரல் கரகரத்தது. ஆனால் மேலே ஏறத் தொடங்கியது.

தாணு மேசைப் பக்கம் சாய்ந்தார். தட்டின் மேல் குனிந்தார். குருவின் காதருகே அவசரமாக, கிசுகிசுப்பாகச் சொன்னார்:

"டாக்டரம்மா, இதப் பாருங்க. உரிஞ்சதுக்கு வெளியே, இந்த விரல் அகலம். இங்க பூச்சு இன்னும் நிக்குது. அந்த இடம் இதுக்குள்ளதான் இருக்கணும். புதுக் கை வந்துட்டா, பாதி அழுத்தத்துல, இதை மட்டும் ஓட்டிரலாம். வெள்ளிக்கிழமைதான் வருது. மணி இன்னும் அஞ்சு ஆகல. நான் திரும்பக் கூப்பிட்டு..."

"சார்" என்றார் குரு. "அவங்க பாடிக்கிட்டிருக்காங்க."